போர்ட்டோபெல்லோ சந்தையில் பழங்காலக் காதலர் தின அட்டைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

லண்டன் போர்ட்டோபெல்லோ சாலையில் சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், பழைய அஞ்சலட்டைகள், நாடகச் சீட்டுகள், கடைப் பட்டியல்கள், வாழ்த்து அட்டைகள் என்று காகிதப் பொருள்களை மட்டுமே விற்கும் ஒரு சிறு கடை இருக்கிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் காதலர் தின அட்டைகளுக்கென்றே தனிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து சில அட்டைகளை நான் வாங்கியிருக்கிறேன். விலை கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டவற்றையும் கடைக்காரரின் அனுமதியோடு லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இவர்கள் அட்டைகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைப்பதில்லை. கையில் கொடுத்து, திறந்தும் தூக்கியும் பார்க்கச் சொல்கிறார்கள். பழங்காலக் காதலர் தின அட்டையை விற்பதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஏனென்றால் இந்த அட்டைகள் சொல்லவரும் செய்தியில் பாதி மேலே தெரிவதில்லை. துளைவேலை செய்த காகித லேசுக்கு அடியிலும் மடிப்புக்கு உள்ளேயும்தான் இருக்கிறது.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஓர் இளைஞன் தன் விருப்பத்தை ஒரு பெண்ணிடம் நேராகச் சொல்லிவிட முடியாது. அவள் அதற்கு நேராக விடை சொல்லவும் முடியாது. குடும்பத்தார் முன்னிலையில் உறை பிரிக்கப்படும் என்பதால், அட்டைகள் பெரும்பாலும் கையெழுத்தில்லாமலேயே சென்றன. எழுத முடியாததைப் பூவும் புறாவும் கைகளும் கோயிலும் சொல்லின. ஆகவே இப்படிப்பட்ட ஓர் அட்டையை வாங்கும்போது, அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அதிலுள்ள அடையாளங்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பேசுகின்றனவா என்று கேட்க வேண்டும். நான் விலையை எடைபோடுவது இந்த அளவுகோலைக் கொண்டுதான்.

நான் முதலில் வாங்கியது, 45 பவுண்டு விலையுள்ள ஓர் ஆங்கிலேயக் காகித லேஸ் அட்டை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. வெளிப்புறம் முழுவதும் வெள்ளைக் காகிதத்தில் புடைத்தெழுந்த பூவேலை. அதன் ஓரங்களில் ஊசிமுனை அளவுத் துளைகள். இந்தக் காகித லேஸ் உருவான விதத்தை அறிந்தால் அட்டையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. முதலில் உலோக அச்சில் காகிதத்தை அழுத்திப் புடைப்புருவம் எடுக்கிறார்கள். பிறகு மேடாக எழுந்த இடங்களை அரத்தால் தேய்க்க, அங்கே காகிதம் தேய்ந்து துளை விழுந்து லேஸ் போலாகிறது. லண்டனில் டாப்ஸ் என்ற காகிதப்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜோசப் அடன்புரூக் 1834 அளவில் இந்த வழியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுகிறது. அட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துளைகளின் விளிம்பு கத்தரித்ததுபோல் நறுக்கென்று இராமல், மெல்லிய பஞ்சிழைபோல் பிசிறியிருப்பது தெரியும். வெறும் வெட்டச்சில் குத்தியெடுத்த பிற்காலத்து லேசில் இந்தப் பிசிறு இருக்காது.

லேசின் நடுவில், நீள்வட்டத்துக்குள், ஒரு சிறு பலிபீடம். அதன்மேல் இரண்டு இதயங்கள் ஒரே தீயில் எரிகின்றன. பீடத்துக்கு இருபுறமும் புறாக்கள். பின்னால் தீப்பந்தம் ஏந்திய ஒரு சிறுவன். இவன் கியூபிட் என்று கடைக்காரர் எழுதிவைத்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வில்லும் அம்பறாத்தூணியும் இவனிடம் இல்லை. தீப்பந்தம் கிரேக்கர்களின் திருமணத் தெய்வமான ஹைமனுக்கு உரியது. கியூபிட் வந்தால் அது காதல் பிறந்த செய்தி. ஹைமன் வந்தால் அது மணம் முடிக்க விரும்பும் செய்தி. கரும்பு வில்லும் மலர்க்கணைகளும் ஏந்திய காமனை அறிந்த நமக்குக் கியூபிட் அந்நியன் அல்லன், ஆனால் இந்தப் பந்தம் ஏந்தியவனை நம்மில் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவோம். புறாக்கள் காதல் தெய்வமான வீனஸுக்கு உரிய பறவைகள். அதோடு, பிப்ரவரி 14 அன்று பறவைகள் இணை தேடுகின்றன என்ற எண்ணம் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கவிதையிலிருந்தே ஆங்கிலேயரிடம் வேரூன்றியது. அட்டையில் பறவை வந்தால் அது பெரும்பாலும் ஜோடியாகவே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீள்வட்டத்தைச் சுற்றி ஒரு பூமாலை. அதில் ரோஜா, நீலநிற ஃபர்கெட்-மி-நாட், இடையிடையே ஐவி இலை. பூக்களுக்குப் பொருள் சொல்லும் கையேடுகள் பிரான்சில் 1819 முதலே பெரும் வரவேற்புப் பெற்று, பிறகு ஆங்கிலத்திலும் வரிசையாக வெளிவந்தன. சிவப்பு ரோஜா காதல், ஃபர்கெட்-மி-நாட் மறவாமை, பற்றிப் படரும் ஐவி பற்றுறுதி, பாசி படர்ந்ததுபோல் மொட்டுடைய மாஸ் ரோஜா காதலை ஒப்புக்கொள்ளுதல் என்று அவை சொல்லும். ஆனால் கையேட்டுக்குக் கையேடு பொருள் மாறுவதும் உண்டு. ஆகவே ஒரே ஒரு பூவை வைத்துக்கொண்டு அட்டை முழுவதையும் விளக்கிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். இந்த அட்டையில் என்னை நம்பவைத்தது சேர்க்கைதான்: பலிபீடம், தீப்பந்தம், ஜோடிப் புறா, ஐவி ஆகிய நான்கும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன. லேசைக் கவனமாகத் தூக்கினால், அடியில் இளஞ்சிவப்புத் தாளில் மிகச் சிறிய ஒரு தேவாலயக் கோபுரம் அச்சாகியிருக்கிறது. அட்டையில் தேவாலயம் தெரிந்தால் அனுப்பியவர் திருமண எண்ணத்தோடு அனுப்புகிறார் என்பது அக்காலத்தார் எல்லோரும் அறிந்த குறிப்பு. மேலே புராணப் பலிபீடத்தைக் காட்டிவிட்டு, அடியில் உண்மையான தேவாலயத்தை ஒளித்துவைத்த அந்த ஓவியரின் நுட்பத்துக்காகவே 45 பவுண்டு தகும்.

அடுக்கடுக்கான இத்தகைய அட்டைகள் பெருகியதற்குக் காதல் மட்டும் காரணமல்ல, அஞ்சல் கட்டணமும் காரணம். 1840க்கு முன்பு பிரிட்டனில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். உறையையும் ஒரு தாளாகவே கணக்கிட்டார்கள். அந்தக் கட்டணத்தையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றவரே செலுத்தினார். ஒரே தாளில் எழுதி, மடித்து, மெழுகு முத்திரையிட்டு அனுப்புவதே சிக்கனமாக இருந்தது. 1840 ஜனவரியில் அஞ்சல் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி நாடு முழுவதற்கும் ஒரு பென்னி கட்டணம் வந்து, தாளின் எண்ணிக்கைக்குப் பதிலாக எடை கணக்கிடப்பட்ட பிறகுதான், லேசும் பட்டும் சிறு கண்ணாடியும் ஒட்டிய அட்டைகளை உறையிலிட்டு எவரும் அனுப்பக்கூடிய நிலை வந்தது. இந்தக் கடையின் பெட்டிகளில் 1840க்கு முந்தையவை எளிய தாள்களாகவும், பிந்தையவை தடித்த அடுக்குகளாகவும் இருப்பதன் காரணம் இதுதான். அச்சிட்ட அட்டைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1797இல் லண்டனில் ஜான் ஃபேர்பர்ன் வெளியிட்டது, யார்க் காசில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையால் வண்ணம் தீட்டிய அதுவும் ஒற்றைத் தாள்தான்.

அந்த எளிய தாள்களில் ஒன்றை வாங்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. சிலந்திவலை அட்டை என்று அழைக்கப்படும் வகை அது. தாளின் நடுவில் ஒரு பூச்செண்டு. அதன் மையத்தில் ஒரு மெல்லிய நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பூச்செண்டு வரைந்த தாளை வட்டவட்டமாக, முடி அளவு இடைவெளி விட்டுவிட்டு மிக நுண்ணிதாக வெட்டியிருக்கிறார்கள். நூலைப் பிடித்து மேலே தூக்கினால் அந்த வெட்டுகள் விரிந்து வலைக்கூண்டுபோல் எழும்புகின்றன. இழைகளுக்கு நடுவே, அடித்தாளில், ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கடிதம் படித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. விட்டதும் பூச்செண்டு பழையபடி மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆன காகிதம் என் விரலில் எழும்பித் தாழ்ந்தபோது, இதை முதலில் தூக்கிப் பார்த்தவள் படத்தில் தன்னையே கண்டிருப்பாள் என்பது எனக்குத் திடமாகத் தோன்றியது. கடிதம் பெற்றவள் கடிதம் படிப்பவளின் படத்தைக் காண்கிறாள். உன் தனிமையில் நான் உன்னைக் காண்கிறேன் என்பதை இதைவிட அடக்கமாகச் சொல்லிவிட முடியாது. விலை பல நூறு பவுண்டு; வெட்டுகளில் இரண்டு அறுந்தும் இருந்தன. அறுந்த இழைகளைப் பசைநாடாவால் ஒட்டாமல் அப்படியே விட்டுவைத்த கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். வசதியுள்ளவர்கள் இந்த வகையைத் தயங்காமல் வாங்கலாம்.

இரண்டாவதாக வாங்கியது அமெரிக்க அட்டை. இதில் ஒரு சிக்கல் வந்தது. விலைச் சீட்டில் எஸ்தர் ஹவ்லாந்து தயாரிப்பு என்று எழுதி 90 பவுண்டு கேட்டிருந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹவ்லாந்து, 1847இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்விநிலையத்தில் படிப்பை முடித்தவர். தந்தையின் வணிகத் தொடர்பால் வந்த ஓர் ஆங்கிலேய அட்டையைப் பார்த்து, அதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று மாதிரிகளைச் செய்தார். விற்பனைப் பயணம் புறப்பட்ட அவருடைய சகோதரர் அவற்றை எடுத்துச்சென்றார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எஸ்தர் எண்ணியிருக்க, சகோதரர் 5,000 டாலருக்கு மேல் ஆர்டரோடு திரும்பினார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் செய்தி. தோழிகளை வீட்டில் வரிசையாக உட்காரவைத்து, ஒருவர் லேஸ் ஒட்ட, அடுத்தவர் படம் ஒட்ட என்று வேலையைப் பகிர்ந்து தயாரித்தார். லேசுக்கு அடியில் பளபளக்கும் வண்ணத் தாளை வைத்து வெள்ளைத் துளைகளினூடே நிறம் தெரியச் செய்ததும், காகித மடிப்பை ஸ்பிரிங்போல் வைத்து அடுக்குகளை உயர்த்தியதும் அவர் அட்டைகளின் சிறப்பு. அவருடைய அட்டைகள் பலவற்றின் பின்புறத்தில் சிறிய சிவப்பு எழுத்தாக எச் இருக்கும்.

என் அட்டையைத் திருப்பினால் இருந்தது எச் அல்ல, டபிள்யூ. அது ஜார்ஜ் விட்னியின் குறி. அதே ஊர்க்காரரான விட்னி 1881இல் ஹவ்லாந்தின் தொழிலை வாங்கிக்கொண்டவர். அதற்கு முன்பே அதே பாணியில் அட்டைகளைச் செய்தும் வந்தார். இதைச் சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் சீட்டைத் திருத்தி விலையையும் குறைத்தார். இருந்தாலும், எளிதில் பார்க்கக்கூடிய ஒரு குறியைப் பாராமல் பெயர்பெற்றவரின் பெயரை எழுதிவிடுவது கடையின் குறைதான். பெயருக்குப் பணம் கொடுக்கும் முன் பின்புறத்தைப் பாருங்கள். குறியே இல்லாத அடுக்கு அட்டையை ஹவ்லாந்து என்று யார் சொன்னாலும் அதை ஊகமாக மட்டும் கொள்ளுங்கள்.

அட்டை என்னவோ அருமையானது. மேலடுக்கில் லேசும் அதன் நடுவே பான்சிப் பூவும். ஸ்பிரிங்கை மெல்ல அழுத்தி ஓரத்தால் நோக்கினால், அடுத்த அடுக்கில் ஒன்றையொன்று பற்றிய இரு வலக்கைகள். ஒன்றின் மணிக்கட்டில் லேஸ் கைப்பட்டை, மற்றதில் ஆணின் சட்டைக் கஃப். பற்றிய கைகள் ரோமானியர் காலத்திலிருந்தே மண உடன்பாட்டின் அடையாளம். மோதிரங்களிலும் கல்லறைகளிலும் உள்ள அதே உருவம். பான்சி நினைவின் பூ. உன்னை நினைக்கிறேன் என்று மேலே சொல்லி, உன் கையைப் பற்ற விரும்புகிறேன் என்பதை அடியில் வைத்திருக்கிறார்கள். கவிதை வரிகள் உட்பக்கத்தில் தனிச் சீட்டாக ஒட்டப்பட்டுள்ளன. அனுப்புபவர் தமக்குப் பிடித்த வரிகளைத் தேர்ந்து ஒட்டிக்கொள்ள ஹவ்லாந்தின் நிறுவனம் 1879இல் பாடல் தொகுப்பு ஒன்றையே வெளியிட்டது; விட்னியும் பிறரும் அந்த வழக்கத்தையே பின்பற்றினர். படம் ஆயிரம் பேருக்குப் பொதுவானது, ஒட்டிய சீட்டு ஒருவருக்கு மட்டுமே என்பதால், சீட்டு உரிந்துபோன அட்டையை நான் அரைவிலைக்குக்கூட வாங்க மாட்டேன்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. முழுப் போலிகளைவிட, பாதி பழையதும் பாதி புதியதுமான அட்டைகளே அதிகம் ஏமாற்றுகின்றன. பழைய லேசில் நடுப்படம் உதிர்ந்துவிட்டால், யாரோ வேறொரு பழைய வெட்டுப்படத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். காகிதமும் மையும் இரண்டுமே 19ஆம் நூற்றாண்டுதான் என்பதால் லென்சுக்கும் அது அகப்படாது. அடையாளங்களை அறிந்தவருக்குத்தான் அகப்படும். இந்தக் கடையிலேயே அப்படி ஒன்று இருந்தது. சுற்றிலும் ஃபர்கெட்-மி-நாட், மூலைகளில் கியூபிட், எல்லாம் சரி. நடுவில் ஒற்றைப் பறவை, அதன் காலடியில் சிவப்புக் காய்களோடு ஹாலி இலை. ஹாலி கிறிஸ்துமஸுக்கு உரியது. அங்கே முதலில் ஜோடிப் புறாவோ கைகளோ இருந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் படத்தை வெட்டி ஒட்டியதால் காதல் அட்டை ஊமையாகிவிட்டது.

முற்றிலும் புதிய மறுபதிப்புகளைக் கண்டுபிடிப்பது எளிது. கல்லில் வரைந்து எடுத்த பழைய பல வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகப் படிந்திருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் சின்னஞ்சிறு வளையங்களாக ஒரே சீராக அணிவகுத்திருக்கும். புற ஊதா விளக்கை அடித்தால் இன்றைய வெள்ளைக் காகிதம் பெரும்பாலும் நீலமாக ஒளிரும், பழைய காகிதம் மங்கியே இருக்கும். ஒரு கைவிளக்கும் பத்து மடங்கு லென்சும் இல்லாமல் இந்தச் சந்தைக்குப் போகாதீர்கள்.

வினிகர் வேலண்டைன் எனப்படும் வசை அட்டைகளும் பெட்டியில் சில உண்டு. மட்டமான தாளில் கோரமான முகம், அதன்கீழ் அவமதிக்கும் பாட்டு. பிடிக்காத முதலாளிக்கும் வேண்டாத காதலனுக்கும் பெயரில்லாமல் அனுப்பப்பட்டவை. வரலாற்று ஆர்வலர்கள் வாங்கலாம். பரிசாகக் கொடுக்க ஏற்றவை அல்ல.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அச்சிட்ட, நிற்கவைக்கும் அட்டைகள் தாம் இக்கடையில் அதிகம் விற்பவை. விலை 12 பவுண்டிலிருந்து. தேன்கூடுபோல் விரியும் சிவப்புக் காகிதம், பொம்மை முகமுள்ள குழந்தைகள், இழுத்தால் அசையும் கைகள். அச்சு மிக உயர்ந்த தரம், வண்ணம் இன்றும் மங்கவில்லை. எனக்கு இவற்றில் ஈடுபாடு குறைவு. பூக்கள் வெறும் நிரப்பலாகிவிட்டன. கியூபிட் குழந்தைப் பொம்மையாகிவிட்டான். எல்லாவற்றையும் ஒரே ஒரு சிவப்பு இதயம் விழுங்கிவிட்டது. ஒளித்துவைக்க எதுவுமில்லாத அட்டையில் தேடிக் காணவும் எதுவுமில்லை. குழந்தைகளுக்கு வாங்கித்தர விரும்புவோர்க்கு இவை பொருத்தம்; உடைந்தாலும் பெரிய நட்டமில்லை.

வாங்கியதைச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோக எண்ணுவோருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் சான்றிதழ்களுக்குச் செய்வதுபோல் லேமினேட் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் லேசைத் தட்டையாக்கி, அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு எவராலும் மீட்க முடியாது. அமிலமற்ற தாள் உறையில் தட்டையாக வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய மாவுப்பசை மிகவும் பிடித்த உணவு என்பதால் மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது.

ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்பவருக்கு நான் பரிந்துரைப்பது 1840க்கும் 1860க்கும் இடைப்பட்ட ஆங்கிலேயக் காகித லேஸ் அட்டையைத்தான். 40 முதல் 60 பவுண்டுக்குள் இந்தக் கடையில் நல்லதாகவே கிடைக்கிறது. சீட்டில் எழுதியிருக்கும் விவரங்களை அப்படியே நம்பாமல், தயாரிப்பாளர் பெயர் லேசின் ஓரத்தில் புடைத்திருக்கிறதா என்று தேடுங்கள். டாப்ஸ், மான்சல், மீக் போன்றோர் தங்கள் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கேதான் பொறித்தார்கள். ஜனவரி முதல் கூட்டமும் விலையும் ஒன்றாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கோடையில் காலை வேளையில் போனால் பெட்டி நிறைய அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து காட்டக் கடைக்காரருக்கும் நேரம் இருக்கும்.